சோதனையில் கண்ட பொருள்கள்

“கேஸ்ல மாட்டியிருந்தீங்கன்னா உங்க பைல் காலத்துக்கும் பத்திரமா இருந்திருக்கும்ணே. நிரபராதின்னு விட்டுட்டாங்கள்ல, அதான் பத்து வருஷத்தோட கழிச்சுக் கட்டிட்டோம்.”

சொன்னவர் நைனா முகமது. அரசு ஊழியர்கள் மேல் வரும் லஞ்சப் புகார்களை விசாரிக்கிற மதுரை ஆபீஸில் ரிக்கார்டு ரூம் கிளார்க்.

கேட்டவர் வெள்ளைத்துரை. வாடிப்பட்டிக்காரர். ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து போன வருஷம், எண்பத்திரண்டில், ரிட்டையரானவர்.

“என்ன பாய் அநியாயம் இது! திருடுனவன் பைலைப் பூட்டி வச்சுக் காப்பாத்துறீங்க. திருடாதவன் பைலைத் தீயில போடுவீங்களோ?”

“ரூல்ஸ் அப்படிண்ணே. தப்புப் பண்ணுனவங்க மறுபடி மாட்டுனா எடுத்துப் பாக்கணும்ல? பண்ணாதவங்களுக்கு எதுக்கு பைலு?”

“எதுக்கா? எம் மக கல்யாணத்துக்கு!”

நைனா முகமது பேனாவைக் கீழே வைத்தார்.

எழுபத்திரண்டில் எவனோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டான், பட்டா மாத்திக்கொடுக்க வெள்ளைத்துரை கை நீட்டுகிறார் என்று. அதிகாரிகள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. ஒன்றும் சிக்கவில்லை. ஆறு மாசத்தில் கேஸை மூடிவிட்டார்கள். மூடியது எவனுக்குத் தெரியும்? சோதனை போட்டதுதான் ஊருக்கே தெரியும்.

இப்போது மகள் அன்னக்கொடிக்கு இருபத்தெட்டு வயசு. வந்த ரெண்டு வரனும் நழுவிப் போய்விட்டது. எல்லாம் இந்தக் கேஸால்தான் என்று மனுஷன் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தார். மூணாவதாக, தன் பையனுக்குப் பெண் கேட்டு வந்திருப்பவர் திருநகர் கருத்தக்கண்ணன். காளவாசலில் சிமெண்ட் கடை. பையன்தான் கடையைப் பார்க்கிறான்.

“அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு பாய். ‘உங்க வீட்ல ரெய்டு நடந்துச்சாமே, அந்தப் பேப்பரைக் கண்ணுல காட்டுங்க, பாத்துட்டு வெத்தலை பாக்கு மாத்திக்கிருவோம்’னாரு. யோக்கியமான மனுசன். யோக்கியமான இடமாப் பாக்குறாரு. அதுல தப்பு என்ன இருக்கு?”

“தப்பே இல்லண்ணே.” நைனா முகமது எழுந்து கைலேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டார். “மூட்டையெல்லாம் பின்னாடி கெடக்கு. நாளைக்குத்தான் எரிக்கிறாக. வாங்க, தேடிப் பாப்போம்.”

பதினோரு மூட்டை பிரித்தார்கள். தூசியும் கரையானும்தான். மத்தியானச் சாப்பாடு போச்சு. வெள்ளைத்துரைக்கே பாவமாகிவிட்டது.

“ஒரு டீயாவது வாங்கியாரேன் பாய்.”

“அய்யய்யோ, வேண்டாம்ணே! மனுக் குடுத்தவர் கையில டீ வாங்கிக் குடிச்சேன்னா எனக்கு ஒரு பைல் தொறந்துருவாங்க. அது எரிக்காத பைலு!”

மூணு மணிக்கு அகப்பட்டது. ஓரமெல்லாம் அரித்துப்போய், எழுத்து மட்டும் தப்பித்திருந்தது. நைனா முகமது கடைசி வரியைப் படித்தார்.

“‘குற்றச்சாட்டுக்கு ஆதாரம் ஏதும் இல்லை.’ போதுமாண்ணே?”

வெள்ளைத்துரை மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். பதினோரு வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறியவர் அல்லவா!

மறுநாளே டைப் அடித்து, சீல் குத்தி, நகல் கைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை கருத்தக்கண்ணன் சம்சாரத்தோடு வாடிப்பட்டிக்கு வந்தார். தாம்பூலத் தட்டு தயாராக இருந்தது. உள்ளே கதவோரம் அன்னக்கொடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“இந்தாங்க, நீங்க கேட்ட பேப்பர். நல்லா சத்தமாவே படிங்க.”

கருத்தக்கண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“‘சோதனையில் கண்ட பொருள்கள். பித்தளை அண்டா ஒன்று. கோரைப்பாய் மூன்று. தகரப்பெட்டி ஒன்று, அதனுள் பழைய சேலை இரண்டு. மிளகாய் வற்றல் அரைப்படி. ஆட்டுரல் ஒன்று, உடைந்தது. தங்கம், வெள்ளி, ரொக்கம் இல்லை. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் ஏதும் இல்லை.’”

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“இம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்! ஒரு குண்டுமணித் தங்கம் எடுக்க முடியலையே!” வெள்ளைத்துரை நெஞ்சை நிமிர்த்தினார்.

கருத்தக்கண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அதெல்லாம் சரி. சம்பந்தியாகப் போறோம், எங்கிட்டச் சொல்லலாம். எங்கதான் ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

“என்னத்தை?”

“பட்டா குடுக்குற உத்தியோகத்துல என்னத்தைச் சேப்பாங்க?”

“சேத்தாத்தானே ஒளிச்சு வைக்க? ஒண்ணுமே இல்லைன்னுதான் அதுல எழுதியிருக்கே!”

கருத்தக்கண்ணன் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். சம்சாரத்தைப் பார்த்தார். அந்தம்மா சடாரென்று எழுந்து முந்தானையைச் சொருகிக்கொண்டாள்.

“ரெய்டெல்லாம் நடந்த வீடு, நெறையக் கெடக்கும்னு நம்பித்தானய்யா இம்புட்டுத் தூரம் வந்தோம்!” கருத்தக்கண்ணன் ஆத்திரத்தோடு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “இத்தனை வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுசனா?”