பதினைந்தாவது உருப்படி

ரிபாயி ஸ்டாப்வாட்சைப் பூச்சியத்தில் வைத்துவிட்டு விசிலை வாயருகே கொண்டுபோனார்.

"சாப்ட்டியளா?" என்று கேட்டுக்கொண்டே மஹ்பூபா கூடத்துக்கு வந்தாள்.

"வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்கி. இப்பப் போயி சோத்தப் பத்திக் கேக்குதியே" என்று கணவர் எரிந்துவிழுந்தார்.

அவள் தரையைப் பார்த்தாள். சங்கரன்கோவிலில் மழை பெய்து இருபது நாளாகிறது. காலையில் துடைத்த தரை பளபளவென்று கிடந்தது.

போன ஐப்பசியில் நிஜமாகவே தண்ணீர் ஏறியபோது டிவி தப்பியது. மிக்சி தப்பியது. மொட்டைமாடியில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் உள்ளறையில் தாத்தா தூங்குவது மகள் ஹனாவுக்கு ஞாபகம் வந்தது.

விஷயம் ரிபாயியின் காதுக்கு மறுநாள் வந்தது. அதோடு அவர் தூக்கம் போயிற்று.

கம்பெனியில் தீ ஒத்திகை என்றால் மஞ்சள் சட்டை போட்டு விசில் ஊதுகிறவர் அவர். முந்நூறு பேரை நாலு நிமிடத்தில் வெளியே கொண்டுவந்து தலை எண்ணுகிறவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் வாப்பாவை விட்டுவிட்டு மிக்சியைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அதனால்தான் பட்டியல். பதினாலு உருப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர். தலைப்பில் சிவப்பு மையில் 'யாரும் விடுபடக் கூடாது'. ஒரு பிரதி கூடத்துச் சுவரில், ஒரு பிரதி அவர் கையில்.

மூன்று நிமிடத்துக்குள் எல்லாரும் மாடியில் இருக்க வேண்டும். ஐந்து வெள்ளிக்கிழமை தோற்றாயிற்று. ஒரு தடவை மஹ்பூபா பாலை இறக்கிவைக்கத் திரும்பிப் போனாள். இன்னொரு தடவை வாப்பா கக்கூஸுக்குள் இருந்துகொண்டு, வெள்ளத்தைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

இன்றும் தோற்றால் இனிமேல் இந்தக் கூத்து கிடையாது என்று ஹனா கறாராகச் சொல்லிவிட்டாள்.

வாப்பா மைதீன் பாட்சா கம்பை ஊன்றிச் சுவர்ப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். "டார்ச்லைட்டுக்கும் ரேசன் கார்டுக்கும் நடுவுல என்னையச் சேத்திருக்கான் பாரு. ஏலே, நான் என்ன சாமானாலே?"

"எட்டாம் நம்பர் பேசக் கூடாது" என்றார் ரிபாயி.

ஊதினார்.

ஹனா காதைப் பொத்திக்கொண்டு பாய்ந்தாள். பத்திரப்பை, பாஸ்போர்ட், தண்ணீர்க் கேன். மஹ்பூபா ஒரு கையில் மருந்து டப்பா, மறு கையில் மாமனார். பார்வைக்குப் படாத உள்ளறையில் எதுவோ உருண்டது. "ஏட்டி, கம்ப விட்டுட்டேன்!" "வாங்க மாமா, கம்பு லிஸ்ட்டுல இல்ல!"

மாடிப்படியில் செருப்புச் சத்தம். அப்புறம் கதவு.

ரிபாயி கடிகாரத்தை அமுக்கினார்.

இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு வினாடி.

"மாஷா அல்லாஹ்!" என்று துள்ளினார். கேட்க ஆள் இல்லை. கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலேயிருந்து மஹ்பூபாவின் குரல் லேசாக இறங்கி வந்தது. "எண்ணுட்டி."

"மூணு பேரு. எல்லாரும் வந்தாச்சும்மா."

"ஒருத்தரும் விடுபடலல்லா?"

"ஒருத்தரும் விடுபடல."

"அப்ப அந்த பிஸ்கட்டப் பிரிங்க" என்றார் எட்டாம் நம்பர்.

ரிபாயி கூப்பிட்டுப் பார்த்தார். விசில் ஊதிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பட்டியலை ஒன்றாம் எண்ணிலிருந்து விரல் வைத்துப் படித்தார். ஒன்பதாவதாக ரேஷன் கார்டு. பத்தாவதாக செல்போன் சார்ஜர்.

செல்போன் இல்லை.

அது சங்கரன்கோவிலில், ஃப்ரிட்ஜின் மேல், சர்க்கரை டப்பாவில் சாய்ந்தபடி, காலிக் கூடத்தை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. கடல் கடந்து தம்மாமில், கம்பெனி கொடுத்த நாலு பேர் தங்கும் அறையில், இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து ரிபாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவை எடுத்தார். பதினைந்து என்று எண் போட்டு, 'செல்போன்' என்று எழுதினார்.

கொஞ்ச நேரம் கழித்து அதை அடித்தார்.

'15. ரிபாயி, சார்ஜருடன். பொறுப்பு: மஹ்பூபா.'