தேன்குரலுக்கு வந்த ஆபத்து

இருபது வயதில் பாப் பாடகர். முப்பதில் ஷாம்பு விளம்பரத்தில் தலையைச் சிலுப்பியவர். அதன்பிறகு பாட்டுப் போட்டி நடுவர், ஒரே ஒரு படத்தின் கதாநாயகன், உடற்பயிற்சிக் கூடம் எங்கே திறந்தாலும் ரிப்பன் வெட்டுபவர். ஐம்பதை நெருங்கும்போது, இனி ஆக வேறொன்றும் மிச்சமில்லாததால், தயாரிப்பாளர். எந்த வேடம் போட்டாலும் ரசிகர்கள் கொடுத்த பட்டம் மட்டும் மாறவேயில்லை. தேன்குரல்!

அந்தத் தேன்குரலைத்தான் காலையில் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் யாரோ கடத்திவிட்டார்கள்.

வீட்டுக் கூடம் முழுக்கப் போலீஸ். யார் சொல்லித் தெரிந்ததோ, போலீசுக்கு முன்பே டிவிக்காரர்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கம்பி வழியே நீளமான ஒரு மைக் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட யாருக்கும் தோன்றவில்லை.

"வெள்ளிக்கிழமை அவரோட சீரியல் ரிலீஸ் சார். ரெண்டு வருஷமா ஒழுங்காத் தூங்கக்கூட இல்ல" என்று மனைவி விசும்பினாள்.

"கவலைப்படாதீங்கம்மா. அவர் எனக்கும் வேண்டியவர்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "அவர் பாட்டைப் பாடிக் காட்டித்தான் என் பொண்டாட்டியைச் சம்மதிக்க வச்சேன்."

மூன்றரை மணிக்கு அவளுடைய செல்போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைப் போட்டு "ஹலோ" என்றார். வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு குரல்.

"சார்... அந்த ஆள் எங்க கையில இருக்கான். ஒரு கோடி ரூபா குடுப்பீங்களா மாட்டீங்களான்னு நாலு மணிக்குள்ள முடிவு சொல்லணும். இல்லேன்னா உயிரோட பாக்க முடியாது."

"அவர் உயிரோடதான் இருக்கார்னு எப்படி நம்பறது?" என்று மடக்கினார் இன்ஸ்பெக்டர்.

"பேசச் சொல்றேன்."

"பேச்சு வேண்டாம். எவன் வேணா மிமிக்ரி பண்ணுவான். பாடச் சொல்லு."

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாட்டெல்லாம் எதுக்கு சார்?"

இன்ஸ்பெக்டர் அவளைக் கையமர்த்தினார். "பழைய ரெக்கார்டைப் போட்டு ஏமாத்தற வேலையெல்லாம் நம்மகிட்ட நடக்காது. இன்னிக்குப் பேப்பர்ல முதல் பக்கத் தலைப்புச் செய்தி இருக்குல்ல? அதை அவரோட முதல் காதல் பாட்டு மெட்டுல பாடணும்!"

எதிர்முனையில் ஏதோ கிசுகிசுப்பு, பேப்பர் புரட்டும் சத்தம், ஒரு கனைப்பு. பாட்டு ஆரம்பித்தது.

"பேருந்துக் கட்டண உயர்வு... வாபஸ் இல்லை... அமைச்சர் திட்டவட்டம்..."

பேருந்து ஒரு சுருதியில் கிளம்பியது. கட்டணம் வேறொரு சுருதிக்கு ஏறியது. திட்டவட்டம் எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்றது. இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தபடி இணைப்பைத் துண்டித்தார்.

"இது தேன்குரலா? தகர டப்பா! எவனோ நம்மகிட்ட விளையாடறான். கிளம்புங்கய்யா எல்லாரும்."

"சார், அது அவர்தான்! என் புருஷன் குரல் எனக்குத் தெரியாதா?"

"பயத்துல உங்களுக்கு எந்தக் குரலும் அவர் குரலாத்தான் கேக்கும். இருபத்தஞ்சு வருஷமா கேக்கறேன்மா நான். தொண்டை கட்டினாலும் அவருக்குச் சுருதி போகாது. எங்கயாவது ஃப்ரெண்டு வீட்ல இருப்பார், வந்துடுவார்."

போலீஸ்காரர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியை மாட்டினார்கள். வெளியே ஜீப் உறுமியது. மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே முக்கால்.

கல்யாணத்துக்கு முன்பே அவர் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்று. போகப்போவது அவருடைய உயிராக இருந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கே கேட்டுவைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்குப் பாட வராது சார்!"

ஜீப்பை அணைத்தார்கள். வாசலில் இருந்த மைக்குகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"முதல் பாட்டு ரெக்கார்டிங்ல மாதிரிக்குப் பாடிவைக்கறதுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. அதைக் கேட்டுட்டு இவர் பாடணும். பாடினார். கேட்டவங்க எல்லாரும், மாதிரியே போதும்னு சொல்லிட்டாங்க. அன்னிலேர்ந்து எல்லாப் பாட்டும் அந்த ஆள் பாடினதுதான். மேடையில இவர் வாயசைப்பார், அவ்வளவுதான். அசைச்சு அசைச்சு, தான்தான் பாடறோம்னு அவரே நம்பிட்டார். இப்ப கேட்டீங்களே, அதுதான் சார் என் புருஷன். அந்தக் கர்ண கொடூரத்தைத் தினமும் குளியலறையிலேர்ந்து கேக்கறவ நான். எனக்கு அந்தக் குரல்தான் சார் வேணும். எப்படியாவது காப்பாத்திக் குடுங்க!"

இன்ஸ்பெக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். தன் செல்போனை எடுத்து, தேன்குரல் பாட்டாக இருந்த அழைப்பு மணியை மாற்றினார். கல்யாணம் என்னவோ ஆனது ஆனதுதான், அதை மாற்ற முடியாது. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கடமை நினைவு வந்தது.

"அப்ப அது அவரேதான்! ஊரையே சலிச்சாவது பிடிக்கணும். நாலு பக்கமும் வண்டியை அனுப்புங்கய்யா!"

ஊர்க்கோடியில் ஒரு டப்பிங் தியேட்டரில், சீரியலுக்கு விளம்பரம் வேண்டுமென்று தன்னைத் தானே கடத்திக்கொண்டு வந்திருந்த தயாரிப்பாளர், டிவியின் நேரடி ஒளிபரப்பிலிருந்து மெல்லப் பார்வையைத் திருப்பி, கைக்குட்டையும் கையுமாக விழித்துக்கொண்டிருந்த தன் இயக்குநரிடம், "மணி நாலாச்சு, சொன்னபடி என்னைக் கொன்னுடுய்யா" என்றார்.