சீர் பீரோ

பீரோ கதவிடுக்கில் மஞ்சள் புடவைத் தலைப்பு ஒரு சாண் அளவுக்கு மாட்டிக்கொண்டு தொங்கியது. அதைப் பார்த்ததும் மாணிக்கவாசகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் அவன் பெண்டாட்டி கோமதி கட்டியிருந்த அதே புடவை. தி.நகரில் அவன் கடையில் விற்கிற சரக்கு, அவனுக்கா அடையாளம் தெரியாது?

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க அவளை?" என்று அதுவரை அடையாறே அதிரக் கத்திக்கொண்டிருந்தவன், சட்டென்று குரலை இறக்கினான். "பீரோவைத் திற."

"பூட்டியிருக்குண்ணே. சாவி எங்ககிட்ட இல்ல" என்றாள் பொறுப்பாளர் ஜஹீதா. "இது பொம்பளைங்க வேலை செய்யுற இடம். கோபத்தை வாசல்ல விட்டுட்டு வந்து பேசுங்க."

வேண்டாமென்று கொடுக்கும் கட்டில், பீரோக்களை வாங்கி, பழுது பார்த்து, இல்லாத வீடுகளுக்குக் கொடுக்கிற டிரஸ்ட் அது. தொழில் கற்க வந்தவர்கள், சும்மா உதவ வந்தவர்கள் எல்லோருக்கும் கால்வரை தொங்கும் ஒரே நீல முழுக்கை ஏப்ரன், தூசிக்கு மாஸ்க், தலையில் துணி. யார் யாரென்று பெற்ற தாய்க்கே தெரியாது.

அவனைக் கண்டதும் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொள்ள, ஒருத்தி மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து நாற்காலிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு! அப்படித் தேய்த்தால் மரம் எந்த ஜென்மத்தில் வழவழப்பாகும்? காலில் மட்டும் பளபளவென்று பிரவுன் ஷூ. இந்த லட்சணத்தில் இதுகளுக்கு டிரெயினிங் வேறு என்று நினைத்துக்கொண்டான்.

பீரோ, கோமதியின் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது. "பழசாயிடுச்சுங்க, டிரஸ்டுக்குக் குடுத்துடலாம்" என்று அவள் கேட்டபோது, நாலு பேர் தன்னைத் தர்மவான் என்பார்களே என்று இவனும் தலையாட்டிவிட்டான். காலையில் வண்டி வந்து ஏற்றிப் போனது. மதியம் சாப்பிட வந்தால் வீட்டில் அவளைக் காணோம்.

"அம்மா கேட்டைத் தாண்டவே இல்ல சார், சத்தியமா. பீரோ மட்டும்தான் போச்சு. நாலு பேர் தூக்க முடியாம தூக்கிக்கினு போனாங்க" என்றான் வாட்ச்மேன்.

அடிப்பாவி! பீரோவுக்குள் உட்கார்ந்தா ஊர்வலம் போனாய்? இப்போது இவன் கார் சத்தம் கேட்டதும் மறுபடி அதற்குள்ளேயே தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள்.

ஜஹீதாவை ஒரே தள்ளு. நாற்காலி அடுக்கோடு சேர்ந்து விழுந்தாள். குறுக்கே வந்த, அங்கே தொழில் கற்கும் பாஞ்சாலியின் வாயில் முழங்கையால் ஓர் இடி. மாஸ்க் சிவப்பாக ஊறியது.

"இன்னா மனுசன்யா நீ? பொம்பள மேல கை வைக்கிறியே, வெக்கமா இல்ல?" என்றாள் பாஞ்சாலி, மாஸ்க்கை இறக்கி ரத்தத்தைத் துப்பிவிட்டு.

அவன் காதில் விழவில்லை. சுவரில் சாய்த்திருந்த கடப்பாரை கைக்கு வந்துவிட்டது. முதல் அடியில் பீரோக் கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"வெளிய வாடி! போன மாசம் நொண்டிக்கிட்டே ஸ்டேஷன் வரைக்கும் போனியே, என்னத்தைக் கிழிச்சே? படியில வழுக்கி விழுந்துட்டு புருஷன் மேல பழி போடறியான்னு அந்த லேடி இன்ஸ்பெக்டர் துரத்தி விடல?"

முகம் தெரியாத அந்த இன்ஸ்பெக்டரை இவன் எத்தனை முறை மனசுக்குள் வாழ்த்தியிருக்கிறான்! இவனை ஸ்டேஷன் வாசலுக்குக்கூட அழைக்கவில்லை, மகராசி.

உள்ளேயிருந்து பதிலே இல்லை. பெண்டாட்டி வாயைத் திறந்தாலும் அவனுக்கு ஆகாது, மூடிக்கொண்டிருந்தால் அதைவிட ஆகாது.

"வழுக்கியாடி விழுந்தே? கொத்தா முடியைப் பிடிச்சு மேல்படியிலேர்ந்து தள்ளினவன் நான்டி! கையை முறிச்சதும் நான்தான். அன்னிக்கே உன் உசிரு போயிருக்கணும், தப்பிச்சிட்டே. இன்னிக்கு உன்னைக் கொல்லாம போக மாட்டேன்!"

இரண்டு கையாலும் கடப்பாரையை ஓங்கி, கதவின் நட்டநடுவில், நெஞ்சு உயரத்தில் குத்தினான். தகடு கிழிந்து, உள்ளே எதிலோ மெத்தென்று இறங்கியது. உருவி மறுபடி குத்தினான். இன்னொரு குத்து. கை ஓயும்வரை விடவில்லை.

"ஒழிஞ்சா" என்றான், மூச்சு வாங்க.

ஷெட்டில் ஒருத்தரும் அலறவில்லை. அதுதான் ஏனென்று அவனுக்குப் புரியவில்லை. கடப்பாரையை இடுக்கில் விட்டு நெம்பினான். பூட்டு தெறித்து, கதவு திறந்துகொண்டது.

மஞ்சள் புடவை சுற்றிய பழைய சோபா மெத்தை ஒன்று, பஞ்சு பிதுங்க, அவன் காலடியில் வந்து விழுந்தது.

பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம். பிரவுன் ஷூக்காரி எழுந்து, உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு, ஏப்ரனை அவிழ்த்தாள். உள்ளே காக்கி. ஏப்ரன் பையிலிருந்து அவள் எடுத்த செல்போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் பாலிஷ் டப்பாவைப் பிடித்தபடி இவ்வளவு நேரமும் நின்றிருந்தவள், மாஸ்க்கை இறக்கினாள். கோமதி! அவனை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"நான் படியில வழுக்கித்தான் விழுந்தேன்னு சொன்னீங்களே மேடம், இப்ப உங்க காதால கேட்டீங்களா?"