கூடம் கோணல்

மேஸ்திரியின் சுவர் இன்றைக்கும் கோணலாகவே நின்றது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடியில் கோளாறு இல்லை.

நல்லவேளையாக அது கணினித் திரையில் நின்ற சுவர். விழுந்தால் யார் தலையும் உடையாது, மேஸ்திரியின் வேலைதான் போகும்.

கட்டட வேலை செய்கிறவர்களுக்குக் கணினியில் வரைபடம் போடச் சொல்லித்தரும் வகுப்பு அது. பிளம்பர், எலக்ட்ரீசியன், தச்சர் என்று மொத்தம் எட்டுப் பேர். எல்லாருக்கும் மூத்தவர் மேஸ்திரி. முட்டி தேய்ந்துபோனதால் அவரால் இனிமேல் சாரம் ஏற முடியாது. சான்றிதழ் கொண்டுவந்தால் சூப்பர்வைசர் வேலை, இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

பரீட்சை என்னவோ சுலபம்தான். உட்கார்ந்திருக்கும் இந்த அறையையே உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். மற்ற ஏழு பேரும் டேப்பை இழுத்து, நீளம் ஒரு தடவை, அகலம் ஒரு தடவை அளந்து, இருபதுக்குப் பதினைந்து என்று தீப்பெட்டி மாதிரி வரைந்து முடித்துவிட்டார்கள். மேஸ்திரி டேப்பைத் தொடக்கூட இல்லை. ஏற்கெனவே இரண்டு தடவை பூஜ்யம் வாங்கியவர், இது கடைசி வாய்ப்பு.

"மேஸ்திரி, எஃப் எட்டை அமுக்கினா கோடு தானா நேரா வரும்னு எத்தன தடவை சொல்றது?"

"அமுக்கினா நேரா வந்துடுது மேடம். அதான் அமுக்கல."

பிளம்பர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இங்க பாருங்க. பின்சுவரு ஜன்னல் பக்கம் போகப் போக உள்ள வருது. மவுஸ் நழுவிடுச்சா?"

"இல்ல மேடம். நாலு இன்ச் உள்ள வரும். ரூமு அப்படித்தான் இருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றார் மேடம். சொன்ன பிறகு அவருக்கே மனது கேட்கவில்லை. மேஸ்திரி மக்கு இல்லை, ஆனால் மாடு மாதிரிப் பிடிவாதம். செய்ததை அழித்துப் பழையபடி ஆக்கும் கண்ட்ரோல் இசட்டைக் கற்றுக்கொடுத்த அன்றைக்கு, வரைவதும் அழிப்பதுமாக மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி மாலைவரை அதையே தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பார்த்து ஒரு பெருமூச்சு வேறு விட்டார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. எஃப் எட்டை அமுக்கி நேராக்கிடுங்க. நான் பாஸ் போட்டுடறேன்."

மேஸ்திரியின் விரல் அந்தப் பொத்தான்வரை போனது. அங்கேயே நின்றது. திரும்பி வந்துவிட்டது.

"உள்ளது உள்ளபடின்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க. கோணலை நேருன்னு எப்படி வரையறது?"

தச்சர் எழுந்தார். இந்த அறைக்கு நீளமேசை செய்து கொடுத்தவர் அவர். மேசைக்கும் பின்சுவருக்கும் நடுவே கதவுப் பக்கம் ஒரு சந்து. பேனா, ரப்பர், எலக்ட்ரீசியனின் டெஸ்டர் எல்லாம் அதற்குள் விழுந்து காணாமல் போகும். மேசையைக் கோணலாக அடித்துவிட்டார் என்று மேடத்திடம் இரண்டு மாதமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை அளந்துதான் பாத்துடுவோமே மேடம்" என்றார்.

கதவுப் பக்கம் அளந்தார்கள். பதினைந்து அடி சரியாக இருந்தது. மேடத்துக்குத் தெம்பு வந்தது. ஜன்னல் பக்கம் அளந்தார்கள். பதினாலு அடி எட்டு இன்ச். டேப் மேல் சந்தேகப்பட்டு வேறு டேப்பால் அளந்தார்கள். அதுவும் அதையே சொன்னது.

"அப்ப என் மேசை?" என்றார் தச்சர்.

"உங்க மேசை மேல தப்பில்ல. போதுமா?" மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. போன தடவை போட்ட பூஜ்யத்துக்கு முன்னால் ஒன்றும் பின்னால் இன்னொரு பூஜ்யமும் போட்டு நூறாக்கினார். சான்றிதழில் அங்கேயே கையெழுத்தும் போட்டார். எட்டுப் பேரில் உள்ளபடி வரைந்தவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்க அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்து கோபம் வந்தது. "எந்த அரைகுறை இதைக் கட்டினானோ. கையில கிடைச்சா அவன் காசுலயே இடிச்சுக் கட்ட வைப்பேன்."

"பாவம் மேடம், மழை நாளா இருந்திருக்கும்" என்றார் மேஸ்திரி மெதுவாக. "நூலு கட்டின பிறகு, அதுல யாராவது ஈரத்துண்டைக் காயப் போட்டிருப்பாங்க. மண்ணு நனைஞ்சு முளைக்குச்சி நாலு இன்ச் நகந்திருக்கும். அது தெரியாம நூலு பிடிச்சுக் கட்டியிருப்பாங்க."

"அந்தத் தடியனுக்கு நீங்க ஏன் பரிஞ்சு பேசறீங்க? டேப்பே இல்லாம நாலு இன்ச் கண்டுபிடிச்சவரு நீங்க. உங்கள மாதிரி ஒருத்தர் கட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

மேஸ்திரி சான்றிதழை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்து, பொத்தானும் போட்டுக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அன்னைக்கு எனக்குக் கண்ட்ரோல் இசட் தெரியாது மேடம்."