லியென் அத்தை சுற்றிப் பார்த்த ஊர்

"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லு தம்பி. பாறை உன்னை மறைக்குது" என்றார் லியென்.

தியெப் திகைத்தான். நியா சாங் கடற்கரை ஊருக்கு வருகிறவர்கள் இந்தப் பாறைகளைப் படம் எடுக்கத்தான் முண்டியடிப்பார்கள். பாறை மறைக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்ட முதல் பயணி இவர்தான்.

"நான் எதுக்கு அத்தை? நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன்."

"என் மூஞ்சிய நான் தினமும்தான் பாக்கறேன். நீ சிரி."

சிரித்தான். அவனுக்குக் காலையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. சைகோனிலிருந்து ஒரு பெண்மணி தனியாக வருகிறார். ஒரு நாள் முழுக்க ஊர் சுற்ற வேண்டும். அதுவும் வழிகாட்டி தியெப்தான் வேண்டும் என்று கம்பெனியில் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார். போன வாரம்தான் காதலி உயென் சைகோனிலிருந்து போனில் எச்சரித்திருந்தாள். "எங்கம்மா ஒரு நாள் சொல்லாம கொள்ளாம உன்னைப் பாக்க வருவாங்க. அவங்க சரின்னாதான் நம்ம கல்யாணம்." அந்த அம்மாவை அவன் பார்த்ததில்லை. போனில் தன் படத்துக்குப் பதிலாகத் தாமரைப் பூவை வைத்திருப்பவர் அவர்.

அதனால் காலையிலிருந்து தியெப் மஞ்சள் விளக்குக்கே வண்டியை நிறுத்தினான். ஹார்ன் பக்கம் கையே போகவில்லை.

"பாறையில பெரிய கைத்தடம் தெரியுதா அத்தை? தேவதை குளிக்கறத ஒரு அரக்கன் எட்டிப் பாத்திருக்கான். குடிபோதை. வழுக்கி விழுந்து கையை ஊனிட்டான்."

"நீ குடிப்பியா?"

"இல்ல அத்தை."

"பீர் கூடவா?"

"புத்தாண்டுக்கு மட்டும். அரை டம்ளர்."

"அரக்கனும் அரை டம்ளர்லதான் ஆரம்பிச்சிருப்பான்" என்றார் லியென்.

காரில் ஏறியதும் அடுத்த கேள்வி வந்தது. "வீட்ல யாரெல்லாம்?"

"நானும் அம்மாவும்தான். எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது அப்பா தவறிட்டார்."

"நாளைக்கு நீ கல்யாணம் பண்ணிக்கிட்டா அம்மா எங்க இருப்பாங்க?"

எதிர்பார்த்த கேள்விதான். "அவங்களுக்கு எங்க சந்தோஷமோ அங்க."

"நல்லா மனப்பாடம் பண்ணியிருக்க."

"மனப்பாடம் இல்ல அத்தை. எனக்காகவே இருந்துட்டாங்க. இனியாவது அவங்க இஷ்டப்படி இருக்கட்டும்."

லியென் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடற்காற்றில் முகத்தைக் காட்டினார். நல்ல நேரம் என்று தோன்றியது தியெப்புக்கு. "மதியச் சாப்பாட்டுக்கு எங்கம்மா கடைக்குப் போலாமா அத்தை? மீனும் ஜெல்லி மீனும் போட்ட நூடுல்ஸ். பக்கத்துலதான்."

"வேண்டாம்" என்றார் லியென், கொஞ்சம் வேகமாகவே. "அங்க மட்டும் வேண்டாம்."

அது சுருக்கென்று தைத்தது. இரண்டு தெரு தாண்டும்வரை பொறுத்துக்கொண்டான். பிறகு கடற்கரைச் சாலையில் ஒரு தென்னை மர நிழலில் வண்டியை நிறுத்தினான்.

"அத்தை, ஒண்ணு சொல்லிடறேன். அது நடைபாதையில பிளாஸ்டிக் ஸ்டூல் போட்ட கடைதான். அம்மா விடியறதுக்கு முன்னாடி எழுந்து மீன் சுத்தம் பண்ணி, அந்தக் கடையிலதான் என்னைப் படிக்க வச்சாங்க. அங்க உக்காந்து சாப்பிடக் கூச்சப்படறவங்க சொந்தம் எனக்கு வேண்டாம். அது யாரா இருந்தாலும் சரி."

சொல்லி முடித்ததும் உயெனின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்க மனம் வரவில்லை.

லியென் கைப்பையில் கைக்குட்டையைத் தேடி எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி, பசிக்குது. வேற கடைக்கு விடு. கோபப்பட்டவனுக்கு இன்னும் பசிக்கும்."

அங்கே சுட்ட இறைச்சித் துண்டுகளில் பாதியை அவன் தட்டில்தான் வைத்தார். பிறகு கோயில் பார்த்தார், சந்தை பார்த்தார். ஆனால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் தியெப்பை வதைத்தது.

சாயங்காலம் ஹோட்டல் வாசலில் அவனால் அடக்க முடியவில்லை.

"அத்தை, உயென்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"உயெனா? அது யாரு?"

"விளையாடாதீங்க அத்தை. உங்க பொண்ணு."

"எனக்கு ஏது பொண்ணு? ரெண்டும் தடிப் பசங்க."

தியெப்பின் முகம் போன போக்கைப் பார்த்து லியென் தோள் குலுங்கச் சிரித்தார். "ஓ, மாமியார்னு நினைச்சியா? அதான் காலைலேருந்து இவ்வளவு அடக்கமா இருந்தியா?"

"அப்ப நீங்க யாரு?"

லியென் கண்களைத் துடைத்துக்கொண்டார். "நான் எங்கண்ணனுக்காக வந்தேன் தம்பி. அண்ணி போய் ஏழு வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல ஒருத்தங்களைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறார். அவங்களுக்கும் ஆசைதான். ஆனா மகன் என்ன நினைப்பானோன்னு பயந்து வாயே திறக்க மாட்டேங்கறாங்க. அந்த மகன் எப்படிப்பட்டவன்னு ஒரு நாள் கூடவே இருந்து பாத்துட்டு வந்து சொல்றேன்னு கிளம்பினேன்."

"பாத்தீங்களா?"

"அதான் நாள் பூரா பாத்தாச்சே. அண்ணன் இந்த ஊர்லதான் இருக்கார். மூணு வருஷமா தினமும் காலைல உங்கம்மா கடையிலதான் சாப்பிடறார். மதியம் அங்க போயிருந்தா உங்கம்மா முகமே காட்டிக் குடுத்திருக்கும். இப்பவும் ரெண்டு பேரும் அங்கதான் உக்காந்திருக்காங்க, நீ என்ன சொல்லுவியோன்னு."

தியெப் காரின் கதவை மறுபடி திறந்து பிடித்தான்.

"ஏறுங்க அத்தை. இப்ப நான் போய் மாப்பிள்ளை பாக்கணும்."