முன்சீட்டின் எடை

இன்றைக்கும் பழி என் உடம்பின்மேல்தான் விழும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். விழட்டும். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கி, சட்டையெல்லாம் தொளதொளத்துப் போயாயிற்று. இனி எதைக் குறைக்கச் சொல்வார்?

ஒர்க்‌ஷாப் வாசலில் கணவன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். தனியாக ஒரு சுற்று போய்விட்டு வந்த முகம் அது, பத்து வயது குறைந்திருந்தது. பறக்கிறது என்று மெக்கானிக்கிடம் கையை விரித்துக் காட்டினான். அவளைப் பார்த்ததும் குரல் இறங்கியது.

"இவ ஏறினாத்தாண்ணே இழுக்க மாட்டேங்குது."

தெருவிலேயே சின்னக் கார் அது. மூடிப்போன ஒரு டிரைவிங் ஸ்கூலிலிருந்து வாங்கியது. கதவில் பெயரைச் சுரண்டிய தடம் வெயிலில் இன்னும் தெரியும். வாங்கிய அன்று பானெட்டுக்குள் விட்ட தலையை அவன் இதுவரை வெளியே எடுக்கவில்லை.

வேறு இன்ஜின் போட வசதியில்லை. அதனால் கையைக் கடிக்காத வேலைகளாகப் பார்த்துச் செய்தான். ஏர் ஃபில்டர் மாற்றினான், புது ஸ்பார்க் பிளக் போட்டான், பழைய சாமான் கடைகளில் அலைந்து எடை குறைந்த வீல்களைப் பிடித்துவந்தான். டிக்கியிலிருந்த ஸ்டெப்னியைக்கூட இறக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். அவள் பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் முட்டியது.

எல்லாம் மலைப்பாதைக்காக. ஒவ்வொரு விடுமுறைக்கும் அவனும் அவன் அக்கா வீட்டுக்காரரும் குடும்பத்தோடு மலைக்குப் போவார்கள். அக்கா வீட்டுக்காரர் முன்னாலேயே போய்ச் சேர்ந்து, காரில் சாய்ந்து நின்றுகொண்டு, மாப்பிள்ளைக்கு வாங்கிய டீ ஆறிப்போச்சு என்பார். நாளைக்கு ஒரு தடவையாவது அந்த டீயை இவன் அவருக்கு வாங்கி வைத்திருக்க வேண்டும். வேறொன்றும் அவன் கேட்கவில்லை.

அவளுக்கோ அந்தப் பாதையில் ஒரே ஒரு வளைவுதான் ஞாபகம். பழைய காரில் போனபோது, தடுப்புச் சுவர் உடைந்த இடத்தில் பின்சக்கரம் சறுக்கி, ஜன்னலுக்கு வெளியே சாலையே இல்லாமல் போனது. மடியில் தூங்கிய மகள் விழிக்கக்கூட இல்லை. அவன் சிரித்தான்.

மெதுவாகப் போங்கள் என்று கல்யாணமானதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் காதுக்கு அது ரேடியோவில் ஓடும் விளம்பரம். காது கொடுக்காத ஒருவரிடம் பேசிப் பேசி, தனக்குக் குரல் இருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தது.

இந்தக் கார் வந்த பிறகு அவள் அதைச் சொல்வதில்லை. காலடியில் பெரிய துணிப்பையை வைத்துக்கொண்டு, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பயம் தெளிந்துவிட்டது என்று அவன் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான்.

நேற்று ஒரு சோதனையும் நடந்தது. இரண்டு மணல் மூட்டைகளைப் பின்சீட்டில் ஏற்றி, நடுவில் மகளை உட்காரவைத்து, ஊரைச் சுற்றிவந்தான். கார் பறந்ததாம். அம்மாவைவிட மூட்டை தேவலை என்று மகள் வீட்டுக்குள் வந்து அறிவித்தாள்.

"அப்ப எடை இல்லம்மா, நீ உட்கார்ற இடந்தான் தப்பு," என்று அவன் மனைவியிடம் கண்டுபிடித்துச் சொன்னான். அவள் சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அதையே மெக்கானிக்குக்கு விளக்கினான். முன்பக்கம் ஓரமாகப் பாரம் விழுந்தால் வண்டி இழுக்காது என்றான். மெக்கானிக் அவளோடு ஒரு சுற்று போய்வரச் சொன்னார். எதிர்மேட்டில் இன்ஜின் உறுமியது, கார் ஊர்ந்தது. மெக்கானிக் வாசலில் நின்று காரின் பின்புறத்தையே பார்த்தார். திரும்பி வந்ததும் பின்விளக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

முன்சீட்டைக் கழற்றிவிடலாம் என்று அவன் முடிவு செய்தான். பாரமும் குறையும், இவளும் மகளோடு பின்னால் உட்கார்ந்துகொள்வாள்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும்மா. வந்ததும் மாட்டிடலாம்."

அவன் கெஞ்சினால் அவளுக்கு மனசு இளகிவிடும். இப்போதும் இளகியது. போகட்டுமே, ஒரு டீதானே என்றுகூடத் தோன்றியது. உடனே அந்த வளைவு கண்ணில் வந்து நின்றது. பின்சீட்டில் மகளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், அதைத் தவிர அங்கிருந்து செய்ய ஒன்றுமில்லை.

அவள் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவன் தள்ளிப்போய் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டான். நாளைக்கு டீ நம்ம செலவு மாமா என்பது அவள் காதில் விழுந்தது.

மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து இடதுபக்கக் கதவைத் திறந்தார். மண்டியிட்டு, துணிப்பையை எடுத்து வெளியே வைத்தார். குனிந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். போனில் சிரித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். கடைசியில் அவள் செருப்பைப் பார்த்தார்.

"ஸ்கூல்காரங்க இதைக் கழட்டாமயே வித்திருக்காங்களேம்மா," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எடுத்துடவா?"

அவள் பையைத் தூக்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"வேணாம்ணே. சீட்டும் இருக்கட்டும், என் பக்கத்து பிரேக்கும் இருக்கட்டும்."