பசு நக்கிய இடம்

பசு எதையோ நக்கிக்கொண்டிருந்தது.

அதன் முகத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நாக்கு வெளியே வந்து, கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உள்ளே போகும். ஒரு கன்றுக்குட்டியின் கழுத்து இருக்கவேண்டிய உயரம். என் மாமியார் மார்த்தாள் அதைக் கண்டுகொள்ளாமல் கறந்துகொண்டிருந்தார். பால் தாராளமாக இறங்கியது.

கன்று செத்ததும் அதன் தோலில் வைக்கோலை அடைத்து, பசுவுக்கு முன்னால் நிறுத்திக் கறந்துவந்தார்கள். மழையில் அது நாறிப்போனதால் போன வாரம் தூக்கி எறிந்தாகிவிட்டது.

“பொம்ம இல்லன்னாலும் நக்கிக்கினுதான் கீது மாப்ள. அதுக்கு இன்னா தெரியுதோ.”

ஒன்றும் தெரியாது, வெறும் பழக்கம் என்றேன்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறவன். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன், மனசு மனசு என்று என்னிடம் வராதீர்கள், அதை எவனும் பார்த்ததில்லை. ஒரு தூண்டுதல், அதற்கு உடம்பு செய்கிற காரியம். பார்க்கமுடிந்தது அவ்வளவுதான். துக்கம் என்பது அந்தக் காரியத்துக்கு நாம் வைத்த பெயர். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. இன்டர்னல் மார்க் என் கையில் இருக்கிறதே.

என் மனைவி சுகிர்தாவையும் அப்படித்தான் பார்த்தேன்.

எங்கள் பையன் சாம்சன் காய்ச்சலில் போனபிறகு அவள் சோற்றைத் தொடவில்லை. அவன் சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தாள். உத்திரமேரூர் பக்கத்தில் இந்த அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டேன். போன் போட்டு மாமியாரிடம் கேட்பேன். அழுதாளா? சாப்பிட்டாளா? தலை வாரினாளா?

இப்போதெல்லாம் அழுவதில்லை, சாப்பிடுகிறாள் என்றார். அப்படியானால் சரியாகிவிட்டாள். அழைத்துப்போக வந்திருந்தேன். ஆனாலும் உள்ளூர பயம்தான். மறுபடி அவள் அப்படி ஆகிவிட்டால் என்னால் தாங்கமுடியாது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடக்கம் முடிந்த மறுவாரமே வகுப்புக்குப் போய்விட்டேன்.

சுகிர்தா பையோடு வந்து பைக்கில் ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தேன். முகம் தெளிவாக இருந்தது.

ஏரிக்கரை ரோட்டில் பாதிக்கு நெல் காயவைத்திருந்தார்கள். ஒதுங்கி ஓட்டினேன். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா, பக்கத்து வீட்டில் குடிவந்துவிட்டார்களா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை.

காலால் பிரேக்கை அழுத்தினேன். வண்டி ஏறி இறங்கியது.

தோளில் அவள் விரல்கள் இறுகின. என் தோளுக்கு மேல் எட்டி, பெட்ரோல் டேங்க்கைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன்.

என் இடது கை ஹேண்டில்பாரில் இல்லை.

டேங்க்குக்கு மேலே, காற்றில், வளைந்து நின்றது. இரண்டு வயசுப் பிள்ளையின் நெஞ்சை அணைத்துப் பிடிக்கிற உயரம்.

சீட்டில் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு சின்ன ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. காலையில் இங்கே வரும்போதும் இப்படித்தான் வந்திருப்பேன். இத்தனை நாளும் கல்லூரிக்கு இப்படித்தான் போயிருப்பேன்.

கையை எடுக்க நினைத்தேன். அது வரவில்லை.

தூரத்தில் அடுத்த வேகத்தடை தெரிந்தது.

“நல்லா புடிச்சிக்கோங்க,” என்றாள் சுகிர்தா, கேஸ் வந்துவிட்டதா என்று கேட்ட அதே குரலில். “தூங்கறான்.”

“புடிச்சிக்கினுதான் கீறேன்,” என்றேன்.